சீதன வீடும் ஓய்வூதியமும்: அம்பாறைக் கரையோர மக்களின் முதுமைக்கான முன்னேற்பாடுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முதுமைக்கு முன்னேற்பாடு செய்தல் என்றதும் ஓய்வூதியம், சேமலாப நிதி, காப்புறுதி ஆகியனவே இன்று கற்றோர் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் மாதச் சம்பளம் பெறும் ஒரு வகுப்பினரின் தோற்றத்தோடு எழுந்தவை. வரலாற்றில் மிக இளையவை. செருமனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் முதுமைக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது 1889இல். பிரித்தானியாவில் எழுபது வயதை எய்திய வறியோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1908இலேயே வந்தது. இவற்றுக்கு முன்னரும் மனிதர் மூப்படைந்தனர். நாற்பதிலும் ஐம்பதிலும் நின்றவாறு எழுபதை எண்ணிப் பார்த்தனர். அவர்களது ஏற்பாடு யாது? இவ்வினாவுக்கான விடை இடத்துக்கு இடம் வேறுபடும். கிழக்கிலங்கையின் தென்பாகத்தில், கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் கிடைக்கும் விடை சற்று வியப்பானது. அங்கு முதுமைக்கான ஏற்பாடு வீடு. அதுவும் தமக்கென வைத்துக்கொண்ட வீடன்று, மகளுக்குக் கொடுத்துவிட்ட வீடு.

பழந்தமிழ் நூல்களிலும் முதுமை பொருளோடு இணைத்துப் பேசப்படவில்லை என்பதை ஈண்டு நினைவுகூரலாம். தொல்காப்பியக் கற்பியல், இல்வாழ்வின் இறுதிக் கட்டத்தில் தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ அறம் பயிலுதலைக் கூறுகின்றது. ஆண்டு பல சென்றும் நரை இல்லாதிருப்பதற்குப் பிசிராந்தையார் கூறும் காரணங்களுள் மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் ஆகியோர் இடம்பெறுகின்றனர், செல்வம் இடம்பெறவில்லை. முதுமையின் காப்பு மனிதர்களே என்பது இதன் பொருள். ஆயின் எந்த மனிதர்? மகனா, மகளா? பெரும்பாலான தமிழ் நிலங்களில் மகன் என்பதே மறுமொழி. அம்பாறைக் கரையோரத்தில் மகள்.

கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த இவ்வொடுங்கிய மணற்பாங்கான நிலப்பட்டியில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எனத் தொடரும் அவ்வரிசையில், திருக்கோவில் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த சிற்றூர் வினாயகபுரம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இவை அனைத்தும் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. சமயத்தால் வேறுபட்ட இவ்விரு சமூகத்தாரும் உறவுமுறையில் பெரிதும் ஒன்றுபட்டவர்கள். இரு சாராரிடையேயும் 'குடி' தாய்வழியே வருகின்றது; இரு சாராரிடையேயும் மணமகன் மணமகளின் வீட்டுக்கே வாழ வருகின்றான். நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், அக்கரைப்பற்றிலும் திருக்கோவிற் பகுதியிலும் நெடுங்காலம் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலிலும் இவ்வொற்றுமை விரிவாக எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

இம்முறையின்படி பெற்றோர் மூத்த மகளுக்கு மணம் முடிக்கும்போது தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாகக் கொடுப்பர். சிறிது காலம் ஒரே கூரையின் கீழ் இரு குடும்பங்களும் வாழும். அடுத்த மகளுக்கு மணம் நெருங்கும்போது பெற்றோர் மணமாகாத பிள்ளைகளுடன் அதே வளவிலோ அருகிலுள்ள வளவிலோ மற்றொரு வீட்டை அமைத்துக் குடிபெயர்வர். அவ்வீடும் உரிய காலத்தில் இரண்டாம் மகளுக்குரியதாகும். இவ்வாறு பெற்றோர் வீட்டுக்கு வீடு நகர்ந்து, ஈற்றில் இளைய மகளின் வீட்டிலோ, மகளிரின் வளவில் ஒரு மூலையிற் கட்டிய சிறு குடிலிலோ தங்குவர். வீட்டோடு நெற்காணியும் நகையும் செல்லும். ஆண்மக்கள் தம் உழைப்பைச் சகோதரியரின் வீட்டுக்கு இட்டு, அதன்பின் வேறொரு பெண்ணின் வீட்டுக்கு மருமகனாகச் செல்வர். வயல் இல்லாதவனும் கடற்றொழிலாளியும் ஒரு வீட்டையேனும் எழுப்பிவிடவேண்டும் என்பது எழுதப்படாத விதி.

இதனைப் பெண் கொடுப்பதற்கான விலை என மட்டும் நோக்குவோர் அதன் ஒரு பக்கத்தையே காண்கின்றனர். வீட்டைக் கொடுத்த தாய் அவ்வீட்டை விட்டு வெகுதூரம் செல்வதில்லை. அவளுடைய அடுப்பும் மகளின் அடுப்பும் சில அடி இடைவெளியில் எரிந்தன. மகளிர் பலர் இருப்பின் அவர்களது வீடுகளும் அடுத்தடுத்தே அமைந்தன. நோயுற்ற தாய்க்குக் கஞ்சி வைப்பதற்கு மருமகளின் மனநிலையைப் பார்த்துக் காத்திருக்கவேண்டிய நிலை அங்கு எழவில்லை. மூப்படைந்த மாமியார் மருமகளின் ஆட்சிக்கு உட்படுதல் என்னும், பிற தமிழ்ப் பகுதிகளின் கதைகளிலும் நாடகங்களிலும் அலுக்காது வரும் பூசல், இக்கரையோரத்தில் அவ்வளவு இயல்பாக எழாமைக்கு இவ்வமைப்பே காரணம் எனலாம். மூத்த ஆண்களுக்குரிய மதிப்பும் குடி வழியாகவே வந்தது: கோயில்களில் வண்ணக்கராகவும் பள்ளிவாசல்களில் மரைக்காயராகவும் குடியின் சார்பில் பொறுப்பேற்றோர் வயதில் மூத்தவர்களே. உடலுழைப்பும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஏர் பிடித்தவன் வயற்காவலுக்கு மாறினான். கடலுக்குச் சென்றவன் கரையிலிருந்து வலை பொத்தினான். 'இன்றுமுதல் ஓய்வு' என ஒருவனுக்குக் கடிதம் அனுப்ப அங்கு எவரும் இருக்கவில்லை.

எனினும் இவ்வமைப்பிற் கடுமையான கணக்கு ஒன்று மறைந்திருந்தது. இருபது வயதில் தாயான ஒருத்தியின் மூத்த மகள் மணப்பருவம் எய்தும்போது தாய்க்கு வயது நாற்பதை ஒட்டியிருக்கும். தந்தைக்கு நாற்பத்தைந்து, ஐம்பது. அரசாங்க உத்தியோகத்தன் தன் சேவைக்காலத்தின் உச்சத்தில் நிற்கும் வயது அது. இங்கோ அதுவே உடைமைகளைக் கைவிடத் தொடங்கும் வயது. மூன்று பெண்மக்களைப் பெற்றவன் ஐம்பத்தைந்தை எட்டுமுன் மூன்று வீடுகளைக் கட்டி மூன்றையும் இழந்திருப்பான். கீழைக்கரையில் ஓய்வுக்கான வயதை நிர்ணயித்தது பிறந்த ஆண்டன்று, மூத்த மகளின் மணநாள். நடுவயது என்பது பிற இடங்களிற் சேர்க்கும் காலம்; இங்கு சேர்த்தலும் இழத்தலும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தன.

சட்ட வரலாறு இக்கணக்கை மேலும் இறுக்கியது. பழைய முக்குவர் சட்டத்தின்படி ஒருவன் மரபாகப் பெற்ற முதுசொம் அவன் சகோதரியின் மக்களையே சேர்ந்தது. இச்சட்டத்தின் மரபுரிமை விதிகளைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876இல் நூலாகத் தொகுத்தார். நூல் வெளிவந்த அதே ஆண்டில் நிறைவேறிய 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்விதிகளின் இடத்தைக் கைப்பற்றிவிட்டது. ஒரு சட்டம் ஏட்டில் ஏறியதும் வழக்கிழந்ததும் ஒரே ஆண்டில் என்பது வரலாற்றின் விளையாட்டு. இறந்தவனின் சொத்தில் மக்கள் யாவருக்கும் பங்குண்டு என்பது புதிய விதி. முஸ்லிம்களுக்கு இசுலாமிய மரபுரிமை விதிகளும், பின்னர் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் பொருந்தின. அவற்றின்படி மகனுக்கு மகளின் இரு மடங்கு பங்கு. ஆயின் இவ்விரு விதிகளும் இறந்தபின் எஞ்சும் சொத்தையே பங்கிடுபவை. எஞ்சுவதற்கு ஏதும் இராதபடி உயிரோடிருக்கும்போதே அனைத்தையும் மகளிருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தல் இரு சமூகத்தாரின் வழியாயிற்று. தாய்வழி முறை சட்டப் புத்தகத்திலிருந்து வெளியேறி வீட்டு வாசல் வழியே திரும்பி வந்தது. அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் நடுவயதுப் பெற்றோர்.

வீட்டுக்கு அப்பால் அவர்கள் கையில் வைத்துக்கொள்ளத்தக்கதாக இருந்தவற்றுள் தென்னந்தோட்டம் முக்கியமானது. நாற்பதில் நட்ட தென்னை ஐம்பதிற் காய்க்கும். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வருவாய் தரும். மகளிடம் கை நீட்டாது வெற்றிலைக்கும் மருந்துக்கும் வழி செய்யும். கூலிக்கு ஆள் வைத்துப் பறிப்பித்தாலும் மிச்சமுண்டு. ஆதலால் மரம் முதியோரின் மாதப்படி போன்றே அமைந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் தென்னைகளைப் பெருமளவில் வீழ்த்தியது. அழிவைக் கணக்கிட்டோர் உயிர்களையும் கூரைகளையும் ஏக்கர்களையும் எண்ணினர். ஐம்பது வயதில் தோட்டமிழந்த ஒருவனுக்கு மறுபடியும் கன்று நட்டுக் காய் பறிக்க எஞ்சியிருந்த ஆண்டுகளை எண்ண எந்த அளவுகோலும் இல்லை.

இனி அரசின் பக்கம் நோக்குவோம். இலங்கையில் அரசாங்க ஊழியரின் விதவைகள், அநாதைகளுக்கான ஓய்வூதிய நிதியம் 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலும், அரச சேவையினருக்கான ஓய்வூதிய ஏற்பாடு 1901இலும் நிறுவப்பட்டன. இவை குடியேற்ற ஆட்சி தன் உத்தியோகத்தரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளக் கண்ட வழிகள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றி, தனியார் துறையினருக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பட்டது. தொடக்கத்தில் ஊழியர் பங்கு 4 வீதமும் தொழில்கொள்வோர் பங்கு 6 வீதமுமாக இருந்தது. பின்னர் அவை 8, 12 வீதங்களாயின. 1980இல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் சேர்ந்தது. சேமலாப நிதி மாதந்தோறும் வருவதன்று, ஒருமுறை கைக்கு வரும் மொத்தத் தொகை. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். மகளுக்கு மணம் பேசும் வயதில் ஒருவன் கைக்கு மொத்தத் தொகை வந்தால் அது எங்கே செல்லும் என்பதை இக்கரையோரத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை.

1958ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. அவ்வாண்டின் முதலாம் இலக்கச் சட்டமாகிய நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமையை நிலைபெறச் செய்ததோடு, தனக்குப் பின் அவ்வுரிமையைப் பெறுபவரை நியமிக்கவும் அவனுக்கு இடமளித்தது. போடியாரின் விருப்பத்துக்கேற்ப எப்போதும் வெளியேற்றப்படக்கூடியவனாக இருந்த வயற்காரனுக்கு அது ஏட்டளவிலேனும் ஒரு முதுமைக் காப்பு. சட்டம் நடைமுறையில் எவ்வளவு தூரம் சென்றது என்பது வேறு ஆய்வுக்குரியது. சம்பளக்காரனுக்கு நிதியும் கமக்காரனுக்கு நிலமும் எனச் சட்டமியற்றியோர் ஒரே ஆண்டில் இரு வழிகளை வகுத்தனர் என்பதே ஈண்டு நோக்கற்குரியது.

அரச ஓய்வூதியத்தின் மிக ஆழமான விளைவு அதனைப் பெற்றவர்களிடம் அன்றி, பெறாதவர்களிடமே தென்பட்டது. ஆசிரியனும் எழுதுவினைஞனும் முதுமையிற் கவலையற்றவன். அவன் இறந்தாலும் விதவைக்கு ஏதேனும் கிடைக்கும். எனவே மணச் சந்தையில் 'அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை'யின் மதிப்பு உயர்ந்தது. ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, கிணறு, சுற்றுமதில் என வீட்டின் தரமும் அதற்கேற்ப உயரவேண்டியதாயிற்று. ஓய்வூதியம் அற்ற கமக்காரன், ஓய்வூதியம் உள்ள மருமகனைப் பெறுவதற்காகத் தன் முதுமைக்கெனக் கையிலிருந்த கடைசி வயலையும் விற்றான். அரசு ஒரு சாராருக்கு அளித்த பாதுகாப்பு மற்றொரு சாராரின் பாதுகாப்பைக் கரைத்தது என்னும் இவ்வுண்மை, ஓய்வூதியத்தைச் சமூக முன்னேற்றத்தின் படிக்கல்லாக மட்டும் காண்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1980களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தமிழ், முஸ்லிம் பெண்களின் உழைப்பிலும் பெரும்பங்கு இவ்வாறே கல்லாகவும் மண்ணாகவும் மாறியது. தாயே சென்று மகளுக்கு வீடு கட்டினாள். சிலவேளை மகளே சென்று தனக்குக் கட்டிக்கொண்டாள். வெளிநாட்டில் உழைத்த அவ்வாண்டுகளுக்குச் சேமலாப நிதி இல்லை.

மற்றொரு மாற்றத்தையும் இங்கு கருதவேண்டும். 1946இல் இலங்கையரின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 43 ஆண்டுகளே. மலேரியா ஒழிப்பின் பின்னர், 1950களின் நடுப்பகுதியில் அது 60ஐ ஒட்டியதாயிற்று. குழந்தை மரணங்களே முன்னைய எண்ணைத் தாழ்த்தின என்பதும், முதியோர் அக்காலத்தில் இல்லாமற் போய்விடவில்லை என்பதும் உண்மை. ஆயினும் வீட்டைக் கொடுத்தபின் வாழும் காலம் நீண்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எய்தியோர். ஐம்பதில் வெறுங்கையனாகி அறுபதில் மறைந்த பாட்டனின் ஏற்பாடு, ஐம்பதில் வெறுங்கையனாகி எண்பதுவரை வாழும் பேரனுக்கும் போதுமானதாக இருத்தல் அரிது.

கமக்காரருக்கென ஓய்வூதியத் திட்டம் 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும், கடற்றொழிலாளருக்கென 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும் வந்தன. அரச ஊழியருக்குப் பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வந்தவை இவை. நாற்பது வயதுக் கமக்காரன் தன் பெயரில் தவணைப்பணம் கட்டி, அறுபதின் பின் மாதந்தோறும் ஒரு தொகையைப் பெறலாம் என்பது இக்கரையோரத்துக்கு முற்றிலும் புதிய எண்ணம். மகளிடமோ மருமகனிடமோ கடமைப்படாத முதுமை. ஆயின் வாக்களிக்கப்பட்ட தொகை நிலையானது; விலைவாசியோடு அது ஏறுவதில்லை. ஆகக் குறைந்த ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபா. தவணைப்பணமும் அரச பங்களிப்பும் வழங்கலுக்கு ஈடுகொடாமையால் 2012இல் கமக்காரருக்கான கொடுப்பனவு நின்று, 2014இலேயே மீண்டும் தொடங்கியது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியபோது, அத்தொகையின் மதிப்பு யாதாயிற்று என்பதை ஊகித்தறியலாம். திட்டங்கள் வந்த காலமும் நல்ல காலமன்று. 1990இன் வன்செயல்களால் இக்கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி இடம்பெயர்ந்தனர். வயலுக்குச் செல்லும் வழியே அச்சத்துக்குரியதாயிற்று. விதைக்கவே இயலாதவனுக்குத் தவணைப்பணம் எங்கிருந்து வரும்?

2004 டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை இவ்வமைப்பின் அடித்தளத்தையே தாக்கியது. இலங்கையில் அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். வீடுகள் அழிந்தன என்று கூறும் செய்தி பிற மாவட்டங்களிற் கூரை இழந்தமையைக் குறிக்கும். இங்கோ பெற்றோர் இருபது ஆண்டு உழைத்துக் கட்டி முடித்த சீதனத்தையும், இன்னும் மணமாகாத மகளுக்கெனப் பாதி எழுப்பிய சுவரையும், தம் முதுமையையும் சேர்த்து இழந்தமையைக் குறித்தது. அதன்பின் உதவி நிறுவனங்கள் கட்டிய வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' என்ற முறையில் ஆணின் பெயருக்கே வழங்கப்பட்டன. பெண்ணின் பெயரில் வீடு இருந்துவந்த சமூகத்தில், வெள்ளம் செய்யாததைப் படிவம் செய்தது. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கும் பொருந்தவில்லை. அழிந்த வீட்டில் வாழ்ந்தவர் மணமாகும் நிலையிலுள்ள மூன்று மகளிரின் பெற்றோராக இருந்தால், அவர்களுக்குக் கிடைத்த ஒன்று யாருக்கு? அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கிலும் இனவிகிதாசாரப் பிணக்கிலும் சிக்கி நீண்ட காலம் எவருக்கும் வழங்கப்படாது கிடந்தன. நாற்பதில் அலையிற் சீதன வீட்டை இழந்த பெற்றோர் அறுபதை அணுகியபோதும், அவ்வீடுகளின் கதவுகள் மூடியே இருந்தன.

இத்தகைய அனுபவங்களாற் போலும், சீதன உறுதிகளில் ஒரு சொற்றொடர் மதிப்புப் பெற்றது: 'சீவிய உருத்து'. வீட்டை மகளுக்கு நன்கொடையாக எழுதும்போது, தாம் உயிரோடிருக்கும்வரை அதில் வசிக்கும் உரிமையைப் பெற்றோர் தமக்கென ஒதுக்கிவைத்தலே அது. பொதுச் சட்டம் இதற்கு இடமளிக்கின்றது. இசுலாமிய விதிப்படி நன்கொடைப் பொருளின் உடைமை கைமாறவேண்டும் என்பதாற் சிக்கல் எழக்கூடும். எனினும் 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்விதியைப் பயன்பாட்டு உரிமை ஒதுக்கப்படாத நன்கொடைகளுக்கே உரியதாக்கியமையால், முஸ்லிம் பெற்றோருக்கும் இவ்வழி திறந்திருந்தது. மணப்பேச்சின் போது இச்சொல்லை உச்சரிப்பது எளிதன்று. வருங்கால மருமகன் வீட்டார் அதனை நம்பிக்கையின்மையாகக் கொள்வர். மகளின் மணம் அதனால் தள்ளிப்போகலாம். எனவே ஐம்பது வயதுத் தந்தை நொத்தாரிசின் முன் அமர்ந்து, தன் எண்பது வயதையும் தன் மகளின் இருபது வயதையும் ஒரே தாளில் எடைபோடவேண்டியவனாகின்றான். பெரும்பாலும் எந்தப் பக்கம் தாழும் என்பது தெரிந்ததே.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணிக்கும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்பைக் கோருவதற்கு ஒரு சபையை ஏற்படுத்தியது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், மீளப்பெற முடியாதென எழுதப்பட்ட நன்கொடையையும் பெற்றவரின் கொடிய நன்றியின்மையைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையால் மீளப்பெறுவதற்கான வழியை வகுத்தது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையினரின் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. 65ஆக உயர்த்தப்பட்ட அரச ஊழியரின் ஓய்வு வயது 2022 இறுதியில் மீண்டும் 60ஆயிற்று. பின்னைய இரண்டும் நாடெங்கும் விவாதிக்கப்பட்டவை. வினாயகபுரம் போன்ற ஊரொன்றின் கமக்காரனுக்கும் கரைவலை இழுப்பவனுக்கும் அவ்விவாதத்தில் இடமில்லை. அவர்களுக்கு உரியவை முன்னைய இரண்டுமே. அவற்றைப் பயன்படுத்தவேண்டுமாயின் தாய் தன் மகளுக்கு எதிராக, அவள் வீட்டின் பின்புறக் குடிலிலிருந்து புறப்பட்டுச் சென்று முறையிடவேண்டும்.